ம்

தமயந்தியின் அப்பா சுவரைப் பார்த்துப் படுத்து ஒரு மழைக்காலமே போய்விட்டது. மனச்சோர்வு என்றார் டாக்டர். "பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்கம்மா, விட்றாதீங்க." சின்ன வயதில் அவர்தான் அவளுக்குக் கதை சொல்வார், ‘ம்’ கொட்டாவிட்டால் கதை பாதியிலேயே நின்றுவிடும். இப்போது முறை மாறிவிட்டது. வேலை விட்டு வந்ததும் அவர் முதுகுப்பக்கம் உட்கார்ந்துகொண்டு, பஸ்ஸில் நடந்த சண்டை, மாடிப்படியில் பூனை போட்ட குட்டி என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்வாள். "ம்" என்பார். வேறு ஒரு சொல் கிடையாது. கேட்கிறாரே, அது போதும் என்று அந்த ஒற்றை எழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நாளைத் தள்ளினாள். இன்று பாதிப் பேச்சில் அலுத்துப்போய் நிறுத்திவிட்டாள். "ம்" என்றார் அப்பா. அவள் வாயே திறக்கவில்லை. சற்றுப் பொறுத்து, சுவர் ஏதோ சொல்லிக்கொண்டே போவதுபோல, சரியான இடத்தில் இன்னொரு "ம்". "ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்ப்பா..." என்று அவசர அவசரமாக ஆரம்பித்தாள். இத்தனை மாதத்தில் முதன்முறையாக அப்பா வாய் திறந்து பேசினார்.

"கொஞ்சம் சும்மா இரும்மா. கேக்க மாட்டேங்குது."