மண் அள்ளும் கைகள்

"கவரிங் வளையல், கவரிங் மோதிரம் போட்டிருக்கிறவங்க மட்டும் கழட்டிக் குடுங்கக்கா. தங்கமா இருந்தா பரவாயில்ல, இருக்கட்டும்."

மகாலட்சுமி துணிப்பையை விரித்து நீட்டினாள். மண் எடுக்கும் வேலைக்கு வந்து வரப்பில் நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பை காலியாகவே இருந்தது.

"எங்களுது தங்கம் மேடம்," என்றாள் மாரியம்மாள். ஆள் கூட்டி வந்தவள் அவள்தான். அவள் சொன்னதும் மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

நூறு நாள் வேலைக்கும் களையெடுக்கவும் போகிறவர்கள் கை நிறையப் பவுன் வளையலோடு வரமாட்டார்கள் என்று மகாலட்சுமிக்குத் தெரியும். ஆனால் அதை எந்த வாயால் சொல்வது?

செஞ்சியைச் சுற்றி எங்கு பார்த்தாலும் கிரானைட் குன்றுகள்தான். இந்த ஒரு நிலத்துக்கடியில் மட்டும் கரும்பச்சைப் பாறை ஓடியது. பூமியின் ஆழத்திலிருந்து மேலே வந்த பாறை. நிக்கலும் செம்பும் பிளாட்டினமும் அப்படிப்பட்ட பாறையில் ஒன்றாகக் கிடைக்கக்கூடும். அதை இங்கே முதலில் பார்த்தவள் நிலவியல் ஆய்வாளரான மகாலட்சுமிதான்.

போன மாதம் இங்கிருந்து ஆய்வகத்துக்கு அனுப்பிய மண்ணில் நிக்கலும் செம்பும் இருந்தன. கூடவே துத்தநாகமும் இருந்தது. கவரிங் நகையில் இருப்பதும் இந்த மூன்றும்தான்; எதுவும் பாறையிலிருந்து வந்ததல்ல, மண் அள்ளியவர்களின் நகை உரசி வந்தது என்று ஆய்வகம் சொல்லிவிட்டது. அவளுடைய அதிகாரி இன்னும் ஒரே ஒரு வாய்ப்புத் தந்தார். இதுவும் கெட்டால் இந்த இடத்தை மறந்துவிட வேண்டியதுதான். நிலத்துக்காரரோ நாளைக்கு மல்லாட்டை விதைக்க டிராக்டர் விடுகிறார். உழுதுவிட்டால் மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்துவிடும். இன்றைக்கு விட்டால் இல்லை.

"குஞ்சம்மா, நீயாவது கழட்டேன்டி," என்று மாரியம்மாள் ஓரமாக நின்றவளைச் சீண்டினாள். "உன்னுது கவரிங்னு ஊருக்கே தெரியும்."

எல்லாரும் சிரித்தார்கள். குஞ்சம்மாள் முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள். அவளும் கழட்டவில்லை.

மகாலட்சுமி சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவள். அதற்காகத் திரும்பிப் போகிறவளும் இல்லை. ஜீப் அருகே போய்த் தண்ணீர் குடித்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு போனைக் காதில் வைத்துத் தலையாட்டியபடி வரப்புக்கு வந்தாள்.

"நான் மாத்திச் சொல்லிட்டேன்கா. தங்கம்தான் மண்ணைக் கெடுக்குமாம். கவரிங் இருக்கலாம். தங்கம் போட்டவங்க மட்டும் கழட்டுங்க. ஜீப்புல பத்திரமா இருக்கும்."

மாரியம்மாள் முதல் ஆளாகக் கழட்டினாள்.

"பாத்து மேடம், பவுன் இன்னா வெல விக்குது."

அவளுக்குப் பின்னால் தள்ளுமுள்ளு. வளையல் இறங்காத ஒருத்தி டிரைவரிடம் சோப்பு வாங்கிக் கையில் பூசிக்கொண்டாள். பை கனத்தது. மகாலட்சுமி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

குஞ்சம்மாள் மட்டும் பையின் பக்கமே வரவில்லை.

"என்னுது கவரிங்தான் மேடம். நான் இப்டியே எறங்குறேன்."

"அதான் தெரியுமே," என்று மாரியம்மாள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நிலத்துக்குள் இறங்கினாள். மற்றவர்களும் அந்தச் சிரிப்போடு அவள் பின்னால் போனார்கள்.

மகாலட்சுமிக்குச் சிரிப்பு நின்றுபோனது. இத்தனை பாடுபட்டும் ஒரு ஜோடி வளையல் மிச்சம். இன்னொரு முறை எல்லாம் பாழாக அது போதும். அவள் குஞ்சம்மாளை ஜீப்புக்குப் பின்னால் அழைத்துப் போனாள்.

"கோச்சிக்காதீங்கக்கா. நெஜத்துல கவரிங்தான் மண்ணைக் கெடுக்குது. அவங்க கழட்டணும்னுதான் அப்படிச் சொன்னேன். நீங்களும் கழட்டினாதான் உள்ள விடுவேன். இல்லன்னா இன்னிக்கு உங்களுக்கு வேலை இல்ல."

குஞ்சம்மாள் ஓரடி கிட்டே வந்தாள்.

"அப்போ தங்கம் கெடுக்காதா?"

"கெடுக்காது."

குஞ்சம்மாள் நிலத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள். எல்லாரும் தூரத்தில் இருந்தார்கள். முந்தானையை விலக்கி மண்வெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, மகாலட்சுமியின் காதருகே குனிந்தாள்.

"அப்போ நான் எறங்கலாம். இது பவுனு மேடம். தெரிஞ்சா கல்யாணம் காட்சின்னு ஆளாளுக்கு எரவல் கேப்பாளுங்க. அதான் நானே கவரிங்னு ஊர் பூரா சொல்லிவச்சிருக்கேன்."