இருபதுக்கு முட்டை

"முட்டையா?" என்றார் பூமாலை.

மருமகள் இசைவாணி தலைகுனிந்து நின்றாள். கைபேசித் திரையில் இருபது கணக்குக்கும் நேராக இருபது சிவப்புப் பெருக்கல் குறி.

வடக்கனந்தலில் அந்த வீட்டுப் பேச்சு தெருவுக்கு வந்ததில்லை. வராமல் பார்த்துக்கொள்வதுதான் பூமாலையின் வேலை. மகன் அன்புச்செல்வனும் மருமகளும் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்குச் சேர்ந்தே விண்ணப்பித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் தேர்வு. "நீ போவணும்னா, பயிற்சியில பாதி கணக்காவது சரியாப் போட்டுக் காட்டணும்" என்று மருமகளுக்கு மட்டும் அவர் சொல்லியிருந்தார்.

காலையில் கூடத்தில் அன்புதான் முதலில் பயிற்சிக்கு உட்கார்ந்தான். இருபதில் ஒன்பதுதான் சரியாக வந்தது. அவன் முகம் தொங்கிப் போனது.

அதைப் பார்த்துத்தான் அவன் அம்மா லட்சுமியம்மாள் கைபேசியைப் பிடுங்கினாள். "குடுடா, நானும் குத்திப் பாக்கறேன்." கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ஒவ்வொரு கணக்குக்கும் கீழே இருந்த நான்கு விடைகளில் ஒன்றைக் குத்தினாள். ஐந்து சரி! பூமாலைகூடச் சிரித்துவிட்டார்.

பிறகு இசைவாணி உட்கார்ந்தாள். தொட்டி நிரப்பும் குழாய், எதிரெதிரே வரும் ரயில், வட்டி எல்லாவற்றையும் தாளின் இரண்டு பக்கமும் போட்டுப் போட்டுப் பார்த்தாள். கடைசியில் இந்த முட்டை.

"எழுத்தே தெரியாத எனக்கு அஞ்சு. டிகிரி வாங்குன மருமவளுக்கு முட்டை. பொறிச்சி வையி, சோத்துக்கு ஆவும்" என்றாள் லட்சுமியம்மாள்.

"இன்னா சிரிப்பு? வெளிய தெரிஞ்சா தலை நிமுந்து நடக்க முடியுமா?" பூமாலை மீசையை நீவினார். "நீ போவ வாணாம்மா. அன்பு மட்டும் போவட்டும்."

"சரிங்க மாமா."

அவள் குரலில் ஏமாற்றம் இல்லை. உள்ளே போய்க் கணவனுக்குச் சோறு போட்டுவந்து வைத்தாள். அவன் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் உட்காருவாள். அந்த வீட்டு வழக்கம் அது.

அன்பு சோற்றில் கை வைக்கவில்லை. சிவப்புக் குறிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"துன்னுடா. அவளுக்கு வராததுக்கு நீ இன்னா பண்ணுவ?"

"அது இல்லப்பா. கண்ண மூடிக்கினு குத்துன அம்மாவுக்கே அஞ்சு வுழுந்துது. தெரியாதவங்க எப்படிக் குத்துனாலும் நாலஞ்சு தானா வுழும்." அவன் குரல் இறங்கியது. "இருபதும் தப்பா வரணும்னா, ஒவ்வொண்ணுலயும் சரியான விடைய வுட்டுட்டு இல்ல குத்தணும்?"

பூமாலையின் விரல் மீசையிலேயே நின்றது. ஒன்பது வாங்கிய மகனைப் பார்த்தார். சுவரோரம் சாப்பிடாமல் நின்ற மருமகளைப் பார்த்தார்.

"எம்மா, இருபதும் ஒனக்குத் தெரியுமா?"