எஸ்தரின் ஆறாவது நகர்த்தல்

எந்தச் சதுரங்க ஆட்டத்தைக் கொடுத்தாலும், அதில் எவ்வளவு பழைய ஆட்டங்களின் நகல் என்று ஆட்டப் பெட்டகம் என்ற கணினித் தொகுப்பு சொல்லிவிடும். மெஷின்கள் கோடிக்கணக்கில் ஆடித் தீர்த்துவிட்டதால், பதினோரு வருடமாக எல்லோருக்கும் ஒரே பதில்தான்: முழுவதும் நகல்.

என் மனைவி எஸ்தர் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். சதுரங்க லீக்கில் அவள் தோற்ற ஆட்டத்தைச் சாப்பாட்டு மேசையில் இருவரும் பெட்டகத்தில் ஓட்டிப் பார்த்தோம். ஆறாவது நகர்த்தலில் திரை நின்றது.

'இதற்கு முன் யாரும் ஆடியதில்லை.'

அங்கே அவள் ராஜாவை ஒரு கட்டம் முன்னால் தள்ளியிருந்தாள். ஓப்பனிங் என்னும் தொடக்க நகர்த்தல்களிலேயே ராஜாவை வெளியே விடுவார்களா?

"என்னத்த நெனச்சு இத ஆடுன?"

"ராணிய எடுக்கப் போயி ராஜாவப் பிடிச்சிட்டேன். எதிர்ல உள்ளவ டீ குடிக்கப் போயிருந்தா. யாரும் பாக்கல."

"அப்போ சத்தமில்லாம வச்சிர வேண்டியதுதான?"

"தொட்ட காயத்தான் ஆடணும்லா?" என்றாள், நான்தான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டதுபோல.

அத்தனை கோடி ஆட்டம் ஆடிய மெஷின்களில் ஒன்றுக்காவது தவறிப்போய்த் தொடக் கை இருந்ததா?

புதிய ஓப்பனிங்குக்குப் பெயர் கேட்டது பெட்டகம். அவளை முந்திக்கொண்டு நானே 'எஸ்தர்' என்று பெரிதாக அடித்தேன். அடுத்து, அப்படி ஆடியதற்குக் காரணம் கேட்டது. அவள் என் கையை விலக்கிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரே வார்த்தை அடித்தாள்.

'தொட்டுட்டேன்.'