பெயரோடு விற்றது

டெல்பின் காய்ச்சிய பீருக்கு அவள் பெயரையே வைத்தவர் கணவர் சவரிநாதன். புதுச்சேரியில் அவர்களுடைய சின்ன பீர் ஆலை பதினோரு வருடம் நன்றாகவே ஓடியது. அவருக்கு இதய ஆபரேஷன் ஆன பிறகு தனியாக இழுத்துப் பிடிக்க அவளால் முடியவில்லை. வாங்க வந்த பெரிய கம்பெனி பெயரையும் சேர்த்தே கேட்டது. டெல்பின் என்று கையெழுத்துப் போட்டு, டெல்பினை விற்றாள்.

“இனிமே இந்தப் பேர்ல நீங்க பீர் போடக் கூடாது மேடம்” என்றார் வக்கீல்.

எட்டு மாதம் கழித்து, சென்னையில் ஒரு ஓட்டலில் இருவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள்.

“ரெண்டு டெல்பின் குடுப்பா” என்றது பக்கத்து மேசை.

அவள் சட்டென்று திரும்பினாள். சவரிநாதன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தங்களுக்கும் ஒன்று சொன்னார். டாக்டர் அனுமதித்த ஒரே ஒரு மடக்கு குடித்துவிட்டு கிளாஸை நகர்த்தி வைத்தார்.

“இது நீ இல்லம்மா.”

அவள் எடுத்துக் குடித்துப் பார்த்தாள். தண்ணீராகத்தான் இருந்தது. ஆனால் தொண்டையைத் தாண்டும்போது, தன் பீரில் அவள் வறுத்துப் போட்டுவந்த கொத்தமல்லி விதையின் வாசம் லேசாக எழுந்து வந்தது. முகம் தெரியாத யாரோ அதை இன்னும் விடாமல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அதை அவரிடம் சொல்லவில்லை. “ஆமாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, மிச்சத்தை மெதுவாகக் குடித்து முடித்தாள்.