கோடும் புள்ளியும்

கைத்தடியை நான்காக மடித்து அதிகாரி அம்மாவிடம் கொடுத்தார் பார்வையில்லாத அந்த மனிதர். "தடி இல்லாமலே நடக்கிறேன் மேடம். தரை சொல்றபடி போறேன்."

நான் தரையைப் பார்த்தேன்.

தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் அவர்கள் இருவரும் நின்றார்கள். இந்தக் கோடியில், மாடிப்படி இறங்கும் இடத்துக்கு ஓரமாக, காண்டிராக்டர் முதலாளியும் அவருடைய சைட் என்ஜினியரான நானும். நடுவில் முப்பது மீட்டருக்கு மஞ்சள் டைல்ஸ் ஓடியது.

மாற்றுத்திறனாளிகள் புழங்க ஏற்ற கட்டடம் என்ற சான்றிதழ் அதிகாரி அம்மாவின் கையில் இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. அந்த மனிதர் நடந்து முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது, குரல் கொடுத்தால் சோதனை செல்லாது, தரை மொத்தத்தையும் பெயர்த்துப் போட வேண்டியிருக்கும் என்று வந்ததுமே சொல்லிவிட்டார்.

இந்த டைல்ஸுக்குத் தெரிந்தது இரண்டே வார்த்தைகள். நீளக் கோடுகள் மேடாக இருந்தால் 'நட'. வட்டப் புள்ளிகள் மேடாக இருந்தால் 'நில்'. செருப்பு போட்ட காலே படித்துவிடும்.

படிக்கு முன்னால் புள்ளி இருக்க வேண்டும்.

இருந்தது கோடு. படியின் விளிம்புவரை கோடுதான்.

தெரியாமல் நடந்த தப்பு என்றாலாவது மனசு ஆறும். நூறு வயதுக் கட்டடம். சுவரைத் தட்டினால் துருப்பிடித்த குழாய், கூரையைத் தொட்டால் உளுத்த உத்தரம். சாய்தளம், லிஃப்ட், அகலக் கதவு என்று போட்டு முடிப்பதற்குள் எஸ்டிமேட் கிழிந்து தொங்கியது. கடைசி வாரத்தில் புள்ளி டைல்ஸ் ஒரு பெட்டி குறைந்தது. இருபது பெட்டிக்குக் கீழே லாரி ஏற்ற மாட்டோம் என்றது கம்பெனி. முதலாளி கையை விரித்தார்.

"ரெண்டும் மஞ்சள், ரெண்டும் மேடு. கண்ணு தெரியாதவங்களுக்கு இதுல என்ன வித்தியாசம் தெரியப்போகுது தம்பி?" என்றார் டைல்ஸ் மேஸ்திரி.

அவர்களுக்கு மட்டும்தான் தெரியும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே தலையாட்டினேன். அதிகாரி தூர நின்று கண்ணால் பார்ப்பார், மஞ்சளாக இருந்தால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். காலால் பார்க்கிற ஆளைக் கூட்டி வருவார் என்று யார் கண்டது.

அவர் நடக்க ஆரம்பித்தார்.

முதலில் மெதுவாக, ஒவ்வொரு அடியையும் தேய்த்துப் பார்த்து வந்தார். லிஃப்ட் கதவுக்கு முன்னால் பாதத்தில் புள்ளி தட்டியது. சட்டென்று நின்று கையைத் தூக்கினார். அதிகாரி அம்மா தலையசைத்து ஏதோ குறித்துக்கொண்டார்.

அந்தப் புள்ளிகளை நான்தான் முட்டி போட்டு உட்கார்ந்து ஸ்கேல் வைத்துச் சரிபார்த்தேன். ஒரு நூல்கூடப் பிசகாது.

தரை ஒரு தடவை உண்மையைச் சொல்லிவிட்டதால் அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. நடை வேகம் பிடித்தது. கைகளை வீசிக்கொண்டு, சொந்த வீட்டுக்குள் நடப்பது போல வந்தார்.

எனக்குப் பக்கத்தில், கோடு முடியும் இடத்தில், பதினெட்டுப் படிகள். பழைய கருங்கல், விளிம்பெல்லாம் தேய்ந்து வழுக்கும்.

முதலாளி என் மணிக்கட்டைப் பிடித்தார். "படி வந்தா அவருக்குக் கால்ல தெரிஞ்சிடும்யா. பேசாம இரு."

அவர் விரல்கள் சில்லிட்டிருந்தன. அவருக்கும் பயம்தான். நான் கூப்பிட்டால் தேவலை என்று அவர் நினைத்தாரோ என்னவோ. அவர் கூப்பிட்டால் தேவலை என்று நான் நினைத்தேன்.

பன்னிரண்டு அடி.

வாயைத் திறந்தால் என் வேலை அன்றோடு சரி. வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் மச்சினனைச் சாப்பாட்டு நேரம் பார்த்துக் குத்திக்காட்டுகிறவன் நான். நாளைக்கு அவன் பக்கத்தில் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். நல்ல ஜோடி.

ஏழு அடி.

கடைசி நிமிஷத்தில் சுதாரித்துக்கொள்வார். காற்று மாறுவது தெரியாதா? இப்படி எல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னேன்.

மூன்று. அவர் முகத்தில் லேசான சிரிப்பு இருந்தது.

இரண்டு.

"நில்லுங்க சார்."

என் குரல்தான். தாழ்வாரம் முழுக்க எதிரொலித்தது.

அவர் அப்படியே நின்றார். வலது செருப்பின் நுனி விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

முதலாளி என் கையை விட்டார். மறு கோடியில் அதிகாரி அம்மா சான்றிதழைக் கோப்புக்குள் வைத்து மூடினார். அந்தச் சத்தம்கூடக் கேட்டது.

நான் பாய்ந்துபோய் அந்த மனிதரின் தோளைப் பிடித்து ஓரடி பின்னால் இழுத்தேன். அவர் குனியவில்லை. செருப்பைக் கழற்றி, பாதத்தால் டைல்ஸை இடமும் வலமும் தடவினார். கோடு. கோடு. அப்புறம் ஒன்றுமில்லை.

"எத்தனை படி?"

"பதினெட்டு."

செருப்பை மாட்டிக்கொண்டார். பிறகு என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றி சார்," என்றார்.

அந்த நன்றியைக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன். வேலை போனால் போகிறது, ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது. முதலாளியை ஒரு பார்வை பார்க்கவும் செய்தேன்.

அந்த மனிதர் இன்னும் என் கையை விடவில்லை. கோபமெல்லாம் இல்லை. பஸ் நேரம் விசாரிப்பது போலத்தான் கேட்டார்.

"திங்கக்கிழமையிலேருந்து எனக்கு இந்த மாடியிலதான் வேலை சார். காலையில ஒன்பதரைக்கு வந்துருவேன். நீங்க எத்தனை மணிக்கு வருவீங்க?"