எவர்சில்வர் சம்படம்

ஆய்வக மேசைமேல் மதிய வெயில் விழுந்து கிடக்கிறது. சூடு ஏறினால் அலறும் சின்னக் கருவி ஒன்றைப் பிரீத்திகா அங்கே பொருத்தியிருக்கிறாள். பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறைகளில் வைப்பதற்கான கருவி அது. அவளுடைய அம்மா அப்படியோர் அறையில்தான் வேலை செய்கிறாள். பக்கத்தில் திருகுமூடி போட்ட எவர்சில்வர் சம்படம். “ஏ புள்ள, எங்களுக்கும் ஒரு வாய் தா,” என்று மணிகண்டராஜ் கையை நீட்டுகிறான். “தின்னுறதுக்கில்ல, போ லே. வெடிமருந்து. நெசத்தக் காட்டுனாத்தான கண்காட்சிக்கு வர்றவுக நம்புவாக? அம்மாவுக்குத் தெரியாம கொண்டாந்தேன்.” சொல்லிக்கொண்டே மூடியைத் திருகுகிறாள். அடுத்த மேசையிலிருந்து ரீனா டீச்சர் திரும்புகிறாள். மூடியின் விளிம்பில் சாம்பல் நிறத் தூள் படிந்திருக்கிறது. கரகரவென்று மெல்லிய உராய்வு; பற்றிக்கொள்ள அதுவே போதும். “தாயி, கைய அசைக்காத.” டீச்சர் அடிக்குரலில் சொல்கிறாள். விரல்கள் நிற்கின்றன. கருவியில் பச்சை விளக்கு நிம்மதியாக எரிகிறது. பிள்ளைகள் செருப்புச் சத்தம்கூட இல்லாமல் வாசலுக்கு நகர்கிறார்கள். மின்விசிறி மட்டும் சுற்றுகிறது. “எங்கம்மா இதத்தான டீச்சர் நாள்பூரா அள்ளிக் கொட்டுறாக,” என்கிறாள் பிரீத்திகா. பாதியில் அவள் உதடு கோணுகிறது. “கைய எடுத்துரவா?” ரீனா ஓரடி முன்னால் வைக்கிறாள். மூடியைப் பிடித்திருக்கும் அந்தச் சின்ன விரல்கள் வேர்வையில் வழுக்கத் தொடங்குகின்றன.