ஆறாம் இலக்கச் சட்டை

2003இல் ஹனோவருக்கு அப்பாலிருந்த சிறு கிராமமொன்றின் கால்பந்துக் கழகத்தில் பத்துப் பேரே மிஞ்சியிருந்தார்கள். கோல் காப்பவர் இராசேந்திரம். அணியின் சட்டைகளைத் துவைப்பது அவர் மனைவி வசந்தமலர். திங்கட்கிழமைகளில் பையைத் திறந்து, சேறு பட்டவற்றை மட்டும் எண்ணி இயந்திரத்தில் போடுவாள்.

ஒக்டோபரில் ஒரு திங்கள் பதினொன்று இருந்தன.

"இஞ்சருங்கோ, ஆறாம் நம்பரை ஆர் போட்டது?"

"ஒருத்தரும் இல்லை. நாங்கள் பத்துப் பேர்தானே விளையாடினனாங்கள்."

சட்டையில் புல்லின் பச்சைக் கறை இருந்தது. வியர்வை மணத்தது. அடுத்த வாரமும் அது அழுக்காக வந்தது. மூன்றாம் வாரம் முழங்கை கிழிந்திருந்தது. யாரிடமும் சொல்லாமல் நீல நூலால் தைத்துவைத்தாள்.

நவம்பரில், எண்பது வருடக் கழகத்தை மூடுவதற்குக் கூட்டம் கூடியது. பத்துப் பேரை வைத்துக்கொண்டு இனி முடியாது என்றார் தலைவர். வசந்தமலர் எழுந்து, தனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் சொன்னாள்.

"பத்தில்லை, பதினொன்று. துவைக்கிறது நான். ஆறாம் நம்பரும் விளையாடுது."

யாரும் சிரிக்கவில்லை.

"இடது முழங்கை கிழிந்திருந்ததா?" என்று, சுவரில் தொங்கிய பழைய அணிப் படத்தில் ஆறாம் இலக்கக்காரரைப் பார்த்தபடி தலைவர் கேட்டார்.

அவள் தலையசைத்தாள். அவர் மூடும் தீர்மானத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிறு ஆட்டம் நடந்தது. திங்கள் காலை பையில் பன்னிரண்டு சட்டைகள் அழுக்காக இருந்தன. பன்னிரண்டாவதில் சேறு கொஞ்சம்தான். கடைசி நிமிடங்களில் மாற்று ஆட்டக்காரராக இறங்கியிருக்க வேண்டும்.

வசந்தமலர் சவர்க்காரத்தூளை வழமையைவிட ஒரு கரண்டி அதிகமாகப் போட்டாள்.